ஒரு நாள் அமானிதம்

ஓர் ஊரின் விருப்பம் இன்னதென்று அறிவிப்பவர் யார்? வாக்களித்த மக்களே என்பது பாடநூல் கூறும் விடை. ஆனால் மக்கள் பெட்டியில் இட்டுச் சென்றவை மடித்த தாள்களே. அத்தாள்களை விரித்து, வகை பிரித்து, அடுக்கி, இது இவருக்கு, அது அவருக்கு என்று சொல்லும் கைகள் வேறு சிலருடையவை. பள்ளி ஆசிரியர், அலுவலக எழுத்தர் போன்றோர் ஓரிரு நாளைக்கு அழைக்கப்படுகின்றனர். சிறு மதிப்பூதியம் பெறுகின்றனர். மறுநாள் கரும்பலகைக்கும் கோப்புக்கும் திரும்பிவிடுகின்றனர். தாம் ஒருபோதும் முகம் பார்க்காத ஒருவரின் வாக்குக்கு இந்தத் தற்காலிகப் பணியாளர் எவ்வளவு கடமைப்பட்டவர் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளும் வினா.

இதில் வினாவுக்கு என்ன இடம் என்று கேட்பாரும் உளர். தேர்தல் பயிற்சி வகுப்பில் உடனிருந்த ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், இது நாம் கேட்டு வாங்கிய வேலையா? ஆர்டர் வந்தது, வந்தோம். உடம்பைக் கொண்டுவந்து உட்கார வைத்தாயிற்று. அதற்கு மேல் நம்மிடம் என்ன இருக்கிறது?" நல்ல மனிதர், வகுப்பில் ஒரு நாளும் கடமை தவறாதவர். அவர் சொன்னதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியவில்லை. விரும்பி ஏற்காத பொறுப்பு ஒருவனைக் கட்டுமா?

பிக்ஹு நூலார் இதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டு வைத்திருக்கின்றனர். ஒருவர் தம் பொருளை மற்றொருவரிடம் ஒப்படைத்து, அவரும் ஏற்றுக்கொண்டால் அது வதீஅத். இருவர் சம்மதமும் அதில் உண்டு. இனி, காற்று ஒன்று வீசி, அடுத்த வீட்டுத் துணியைத் தூக்கி வந்து உங்கள் முற்றத்தில் போட்டுவிட்டது. நீங்கள் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. எனினும் அத்துணி உங்களிடம் அமானிதமே. உரியவருக்குத் தெரிவிக்காமல் வைத்திருந்தாலும், மிதித்துக் கிழித்தாலும் நீங்கள் பொறுப்பாளி. பொறுப்பு சம்மதத்தால் மட்டும் பிறப்பதன்று. பிறர் பொருள் நம் கைக்குள் வந்துவிட்டது என்னும் ஒரே காரணத்தாலும் பிறக்கும். ஆணை என்னும் காற்று கொண்டுவந்து போட்ட வாக்குச்சீட்டும் அப்படிப்பட்டதே என்று நண்பரிடம் சொன்னேன். "காற்றுக்கு மதிப்பூதியம் உண்டா?" என்று கேட்டுச் சிரித்தார்.

மதிப்பூதியம் பெறுவதால் நிலைமை இன்னும் இறுகுகிறதே தவிரத் தளர்வதில்லை. கூலிக்கு அமர்ந்தவன் கையை நம்பிக்கைக் கை என்று சட்ட நூலார் அழைப்பர். வரம்பு மீறாமலும் அசட்டை செய்யாமலும் அவன் வேலை செய்யும்போது பொருள் கெட்டால் அவனிடம் ஈடு கேட்கப்படுவதில்லை. அவ்விரண்டில் ஒன்று நேர்ந்துவிட்டால் அதே கை ஈடு செலுத்த வேண்டிய கையாக மாறும். தையற்காரன் துணியைப் பாழாக்கினால் விலை கொடுத்துத் தீர்க்கலாம், மன்னிப்பும் கேட்கலாம். வாக்குக்கு என்ன விலை கொடுப்பது? அதனினும் கடினமானது ஒன்று உண்டு. யாரிடம் மன்னிப்புக் கேட்பது? வாக்கு இரகசியமானது. பாழான சீட்டு யாருடையது என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயல்வதே குற்றம். தம் சீட்டு பாழானது உரியவருக்கும் தெரியாது. இழந்தவர் இழந்ததை அறியார். இழக்கச் செய்தவர் இழந்தவரை அறியார். பிறர் உரிமை சார்ந்த விஷயங்களில் இப்படி முகவரியே இல்லாத கடன் வேறொன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

எண்ணுவதில் இவ்வளவு பெரிய சிக்கல் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு காலத்தில் இருந்ததில்லை. 1952, 1957 ஆகிய பொதுத் தேர்தல்களில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி இருந்தது. வாக்காளர் குறி எதுவும் இடாத சீட்டைத் தாம் விரும்பிய பெட்டியில் போட்டார். பெட்டியைத் திறந்தவர்கள் தாள்களை எண்ணினார்கள். யாருக்கு என்று ஆராய வேண்டியிருக்கவில்லை. 1962 தேர்தலில் ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சிட்டு, வேண்டியதன்மேல் முத்திரை குத்தும் முறை பரவிற்று. அன்று முதல் எண்ணுகிறவன் வாசிக்கிறவனும் ஆனான். பின்னர் 1982இல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாக எந்திரம் வந்தது. 2004இல் நாடாளுமன்றத் தொகுதிகள் அனைத்திலும் வந்துவிட்டது. எந்திரத்தில் மை இல்லை, மடிப்பு இல்லை, ஐயமும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் மீண்டும் தாளும் பெட்டியும் முத்திரையுமே. 2022 பிப்ரவரியில் நகரத்தார்க்கு எந்திரம் கிடைத்தது. நாட்டுப்புறத்தான் வாக்கையே இன்னும் ஒரு மனிதன் கையில் எடுத்துப் பார்த்து வாசிக்க வேண்டியிருந்தது.

ஒருவருக்கு நான்கு சீட்டுகள். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக்குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னங்கள். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் கட்சி கிடையாது. கட்சி இல்லாத இடத்தில் பகை இராது என்று நினைத்தால் அது ஊரறியாதவர் நினைப்பு. அங்கேதான் அண்ணன் மகனும் தம்பி மகனும் எதிரெதிரே நிற்பார்கள். ஒரு வார்டில் சில நூறு வாக்குகளே இருக்கும். ஒன்றிரண்டில் வெற்றி மாறும்.

2020 ஜனவரி 2ஆம் நாள் ஓர் ஒன்றியத்தின் எண்ணும் மையத்தில் நானும் ஒருவனாய் அமர்ந்திருந்தேன். காலை முழுதும் நிறம் பிரிப்பதிலேயே கழிந்தது. மடிப்பு நீக்கி, நிறத்துக்கொரு அடுக்காக வைத்து, எண்ணிக் கட்டி முடிப்பதற்குள் விரல் நுனிகள் மரத்துப்போயின. மாநிலத்தின் பல இடங்களில் அவ்வேலை மறுநாள் வரை நீண்டதைச் செய்தித்தாள் படித்தோர் அறிவர். நள்ளிரவு கடந்தபின் ஓர் இளஞ்சிவப்புச் சீட்டு வந்தது. இரு சின்னங்களின்மேல் இரு முத்திரைகள். இரு முகவர்களும் எழுந்து நின்றுவிட்டனர். மேற்பார்வையாளர் பதறாமல் அதை விளக்கருகே கொண்டுபோனார். நம் நாட்டு வாக்கு முத்திரையின் நான்கு கைகளும் ஒரே சுற்றில் மடிந்த அம்புக்குறி வடிவம். மை உலருமுன் தாளை மடித்தால் எதிர்ப்புறத்தில் அதன் நிழல் பதியும். நிழலில் சுற்று எதிர்த்திசையாக மாறிவிடும். அவ்வடிவத்தைத் தேர்ந்ததே இதற்காகத்தான். "இது குத்தியது, அது ஒட்டியது" என்றார். முகவர்களும் குனிந்து பார்த்து அமர்ந்தனர். ஒரு வாக்கு உயிர் பிழைத்தது.

அவர் அதைச் செல்லாதது என்று ஒதுக்கியிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். வாக்கு எண்ணுமிடத்தில் "செல்லாது" என்பதைப்போல் எளிய சொல் வேறில்லை. இருதரப்புச் சண்டையும் அதோடு அடங்கும், வேலையும் விரையும், கண்டிப்பானவர் என்ற பெயரும் கிடைக்கும். தம் ஆளுக்காகச் சீட்டை மாற்றி அடுக்குபவன் திருடன் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆகவே அதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. தூக்கக் கலக்கத்தில், கண்டிப்பு என்னும் போர்வையில், ஐயமான சீட்டையெல்லாம் தள்ளிவிடுபவனை நாம் திருடன் என்பதில்லை. எவருக்கும் சாதகமாக நடக்கவில்லை என்று அவனும் நிம்மதியாக உறங்குவான். உரியவரின் கண்ணால் பார்த்தால் இரண்டு கைகளும் ஒன்றையேதான் செய்தன.

நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கான 1961ஆம் ஆண்டு விதிகளில் 56ஆவது விதி இவ்வகையில் ஊன்றிப் படிக்கத்தக்கது. குறி மங்கலாக இருக்கிறது என்பதற்காகவோ, ஒரே வேட்பாளர்மேல் ஒன்றுக்கு மேற்பட்டுக் குத்தப்பட்டிருக்கிறது என்பதற்காகவோ மட்டும், எண்ணம் தெளிவாகத் தெரியும் சீட்டைத் தள்ளக்கூடாது. சாவடி அலுவலரின் கையொப்பமும் அடையாளக் குறியும் இல்லாத சீட்டு தள்ளப்பட வேண்டியது. ஆயினும் அக்குறை அலுவலரின் தவறால் நேர்ந்தது என்று தெளிவானால் அதற்காக மட்டும் தள்ளக்கூடாது. கூலிக்கு வந்தவனின் மறதிக்கு உரிமையாளன் அபராதம் கட்ட வேண்டாம் என்பதே இதன் கருத்து. சட்டம் எழுதியவர்கள் எண்ணுகிறவனிடம் கண்டிப்பைவிடப் பொறுமையை அதிகம் எதிர்பார்த்திருக்கின்றனர்.

எண்ணத்தை, அதாவது நிய்யத்தை, மைக்கறையிலிருந்து வாசிப்பது எங்கும் எளிதாய் இருந்ததில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2017 நவம்பரில் நடந்த கீழவைத் தேர்தலில், ஒரு தொகுதியின் மறு எண்ணிக்கையில் ஒருவர் ஒரே வாக்கால் முந்தினார். மறுநாள், தள்ளப்பட்டிருந்த ஒரு சீட்டை நீதிபதிகள் மூவர் ஆராய்ந்தனர். இரு பெயர்களுக்கும் நேரே வட்டம் நிரப்பி, ஒன்றன்மேல் ஒரு கோடு இழுத்திருந்தார் அந்த வாக்காளர். அக்கோடு அடித்தல் என்று கொண்டு, வாக்கை மற்றவருக்குச் சேர்த்தார்கள். இருவருக்கும் 11,608 என்று சமனாயிற்று. 2018 ஜனவரி 4 அன்று கிண்ணத்திலிருந்து சீட்டெடுத்து வெற்றி முடிவாயிற்று. அந்த ஓர் இடத்தை ஒட்டியே அவையின் பெரும்பான்மையும் நின்றது. அக்கோட்டை இழுத்தவரை அழைத்துக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். கேட்க முடியாதபடி அமைத்ததுதான் தேர்தலின் சிறப்பு.

அப்படியானால் வாசிப்பவன் தன் அறிவை எவ்வளவு பயன்படுத்தலாம்? காஜி தாம் நேரில் அறிந்ததைக் கொண்டே தீர்ப்பளிக்கலாமா என்று நம் முன்னோர் நெடிது விவாதித்திருக்கின்றனர். அனுமதித்தோர் நிபந்தனைகளோடு அனுமதித்தனர். பிற்காலத்தோர் பலர் காலம் கெட்டுவிட்டதைக் காரணங்காட்டி மறுத்தனர். மறுத்தவர்கள் காஜியை நம்பாதவர்கள் அல்லர். அவர் அறிந்ததை மற்றவர் பார்க்க இயலாது என்பதே அவர்களது தயக்கம். எண்ணும் மேசைக்கு அத்தயக்கம் முற்றும் பொருந்தும். "அந்தத் தெருவார் எல்லாரும் பூட்டுச் சாவிக்குத்தான் போட்டிருப்பார்கள்" என்பது உண்மையாகவே இருக்கலாம். அது மேசையின்மேல் வைக்கக்கூடிய சான்று அன்று. தாளில் இருப்பதைக் கொண்டு, எதிரே நிற்கும் இரு முகவர்களும் தம் கண்ணால் பார்த்து ஒப்பக்கூடியதைக் கொண்டு மட்டுமே வாசிக்க வேண்டும்.

சிலர் முகவர்களின் கண்காணிப்பையே அவமதிப்பாகக் கருதுகின்றனர். "முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவனைத் திருடனைப் பார்ப்பது போல் பார்க்கிறார்கள்" என்ற முணுமுணுப்பை அன்றும் கேட்டேன். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. அது ஒரு பிராமண சபைக்குரிய தேர்தல். ஊரார் எல்லாருக்கும் உரியதன்று. அதைக் குடியாட்சி என்று மேடையில் புகழ்வோர் இதையும் சொன்னால் நலம். ஆனால் அதன் நடைமுறையில் ஒரு நுட்பம் உண்டு. குடத்தில் இருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் வாசித்த பின் அங்கிருந்த நம்பிமாரும் வாசிக்க வேண்டும். விரலை மடக்கினால் ஓலை மாறலாம் என்ற ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. மத்தியஸ்தன் அதனால் தாழ்ந்துவிடவில்லை. விரித்த கையால் அவனும் வீண் பழியிலிருந்து தப்பினான்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு சீட்டு என்னைத் தொந்தரவு செய்கிறது. அன்றைய இரவே அதுவும் வந்தது. ஒரு சின்னத்தின் நடுவில், சற்றும் விலகாமல், தெளிவான பெருவிரல் ரேகை. முத்திரை இல்லை. அதை இட்டவரின் எண்ணத்தில் எள்ளளவும் ஐயம் கிடையாது; மற்றச் சீட்டுகளைவிட அதில்தான் எண்ணம் தெளிவாயிருந்தது. ஆனால் கொடுக்கப்பட்ட முத்திரையால் அன்றி வேறொன்றால் இட்ட குறி செல்லாது. இட்டவரைக் காட்டிக்கொடுக்கும் குறியும் செல்லாது. ரேகையைக் காட்டிலும் காட்டிக்கொடுப்பது எது? அதை ஏற்றால், நாளை பணம் கொடுத்தவன் "ரேகை வைத்துவிட்டு வா, பார்த்துக்கொள்கிறேன்" என்பான். விதி சரியே. தள்ள வேண்டும் என்றே நானும் கருதினேன், தள்ளினார்கள்.

எழுதப்படிக்கத் தெரியாத ஒருவர் சாவடியில் முதலில் அடிக்கட்டையில் கைநாட்டு வைக்கிறார். அப்போது விரலில் மை இருக்கிறது. சற்றுமுன் அரசாங்கத் தாளில் விரல் வைக்கச் சொன்னார்கள். இப்போது இன்னொரு அரசாங்கத் தாளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். வரிசை நீள்கிறது, வெயில் ஏறுகிறது, இதில் வைக்காதீர்கள், அங்கே முத்திரை இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. கைநாட்டு வாங்கியதும் விரலைத் துடைத்துவிட மேசையில் ஓர் ஈரத்துணி இருக்க வேண்டும் என்று வாக்குச்சாவடி அலுவலர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுண்டு. காலையில் நனைத்த துணி பதினோரு மணிக்கெல்லாம் காய்ந்துவிடும். அதை மறுபடி நனைப்பது யார் வேலை என்று எந்த ஆணையிலும் நான் படித்ததில்லை.

செல்லாதவை தனிக் கட்டாகக் கட்டப்பட்டு முத்திரையிடப்பட்டன. அந்த இளஞ்சிவப்புத் தாளும் அக்கட்டில் போயிற்று.