மண் ஒன்றுதானே!



சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ஒரு பாடம் சொல்கிறார். ஒரு பிடி களிமண்ணை அறிந்தால் மண்ணால் ஆன அனைத்தையும் அறிந்ததாகும். பானை, சட்டி, அகல் என்பதெல்லாம் வெறும் பெயர்தான். சமய வகுப்பில் பலமுறை கேட்டிருப்பீங்க, தேர்விலும் எழுதியிருப்பீங்க. ஆனால் வகுப்பை விட்டு வெளியே வந்ததும், “அவங்க வேற, நாம வேற” என்கிறோமே!

இந்தப் பாடத்தைக் கையால் செய்து காட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1516இல் வெனிஸ் நகரம் தன் யூதர்களை ஒரு சிறு பகுதிக்குள் ஒதுக்கியது. இரவானால் வாயிற்கதவைப் பூட்டிவிடுவார்கள். ‘கெட்டோ’ என்ற சொல் அங்கிருந்துதான் பரவியது. எட்மண்ட் டி வால் என்ற பிரிட்டிஷ் பீங்கான் கலைஞர் 2019இல் அங்கேயும், அதே நகரின் பழைய மண்டபம் ஒன்றிலும் கண்காட்சி வைத்தார். அவர் பாட்டியின் குடும்பம் வியன்னாவில் வாழ்ந்த யூதக் குடும்பம். 1938இல் நாஜிகள் அவர்களுடைய வீட்டையும் நூல்களையும் பறித்துக்கொண்டார்கள்.

அந்த மண்டபத்துக்குள் அவர் ஓர் அறை கட்டினார். வெளிச்சுவரில் பீங்கான் குழம்பைப் பூசி, உலகில் அழிந்துபோன நூலகங்களின் பெயர்களை எழுதினார். உள்ளே தாயகம் இழந்த எழுத்தாளர்களின் நூல்கள், ஏறக்குறைய 2000. வந்தவர்கள் தங்கள் மனசுக்கு நெருக்கமான நூலில் பெயரை எழுதலாம். தன் குடும்பத்தின் துக்கத்தை மட்டும் அவர் காட்சிக்கு வைக்கவில்லை; எல்லா நாட்டுக்காரன் துக்கத்துக்கும் இடம் விட்டார். பிறகு அந்த நூல்கள் ஈராக்கின் மோசுல் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஐஎஸ் தீவிரவாதிகளின் பிடியில் அழிந்த நூலகம் அது. யூத வம்சத்தில் வந்தவரின் கண்காட்சி நூல்களை இன்று முஸ்லிம் மாணவர்கள் படிக்க முடியும்.

நமக்கும் காயம் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு வேகும். அந்த வலியை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை நம்மையே கேட்டுப் பார்ப்போம்: நம் வலி, அடுத்தவன் வலியைக் கேட்கக் காதைத் திறக்கிறதா, மூடுகிறதா?

புலனத்தில் இன்னொரு இனத்தையோ சமயத்தையோ கேலி செய்து ஒரு செய்தி வருகிறது. சிரித்துவிட்டு நாலு குழுவுக்கு அனுப்பினால், வெனிஸில் இரவில் கதவைப் பூட்டியவன் வேலையைத்தான் நாமும் செய்கிறோம். “இது வேண்டாம்பா” என்று ஒருவர் சொன்னால் போதும், குழுவே கொஞ்சம் யோசிக்கும்.

இந்த மாதம் ஒரு சின்னப் பயிற்சி. உங்களோடு படிக்கும் மலாய் அல்லது சீன நண்பரிடம், “உன் பாட்டி எந்த ஊரு? எப்படி வாழ்ந்தாங்க?” என்று கேளுங்கள். பதில் முடியும்வரை குறுக்கே பேசாதீர்கள். அங்கேயும் ஒரு பசி, ஒரு பயணம், ஒரு பிரிவு இருக்கும். அப்போது உத்தாலகர் சொன்ன மண் உங்கள் கைக்கே தட்டுப்படும்.

இறைவன் அருள் புரிவானாக.