மலிவான ஊர்

விலைவாசி ஏறினால் குடும்பஸ்தன் செய்யக்கூடிய காரியங்கள் இரண்டுதான் என்று நம் பெரியவர்கள் நினைத்திருந்தார்கள். செலவைச் சுருக்க வேண்டும். அல்லது வரும்படியைப் பெருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. செலவையும் சுருக்க வேண்டாம், வரும்படியையும் பெருக்க வேண்டாம். ஊரை மாற்றிக்கொண்டால் போதும். பணக்கார தேசத்துக்காரர்கள் இந்த வழியை வெகு காலமாக அறிந்திருக்கிறார்கள்.

1815-ல் நெப்போலியனோடு நடந்த போர் ஓய்ந்ததும், அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் பலர் கடலைத் தாண்டிப் பிரான்சில் போய்க் குடியேறினார்கள். லண்டனில் மானத்தோடு பிழைக்கப் போதாத பணம், அங்கே வேலைக்காரி வைத்துக்கொண்டு வாழப் போதுமானதாக இருந்தது. நாகரிகமாக உடுத்துவதில் லண்டனுக்கே வழிகாட்டியாக விளங்கிய ஜார்ஜ் பிரம்மல், கடன்காரர்களுக்குப் பயந்து 1816-ல் ஓடிப்போய்த் தங்கியதும் பிரான்சின் கலே துறைமுகத்தில்தான். மலிவான தேசத்திலும் கடன் வாங்கி, 1835-ல் அங்கேயே சிறைக்குப் போனார் என்பது வேறு கதை. ஊரை மாற்றலாம், கையை மாற்ற முடியுமோ?

இன்றைக்கு இந்த வழி ஒரு கணக்கியலாகவே ஆகியிருக்கிறது. வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் பழைய பங்குச் சந்தை விவரங்களை எல்லாம் அலசிப் பார்த்து, சேமிப்பில் நூற்றுக்கு நான்கு வீதம் முதல் வருஷம் எடுத்து, பிறகு விலைவாசிக்குத் தக்கபடி அதைக் கூட்டிக்கொண்டு போனால், முப்பது வருஷம் பணம் தாங்கும் என்று சொன்னார். அதாவது, ஒரு வருஷச் செலவைப் போல் இருபத்தைந்து மடங்கு கையில் இருந்தால் உத்தியோகத்தை விட்டுவிடலாம். வருஷத்துக்கு 40,000 டாலர் செலவழிக்கிறவனுக்குப் பத்து லட்சம் டாலர் வேண்டும். அதே மனிதன் 16,000 டாலரில் ஜீவிக்கக்கூடிய ஊருக்குப் போய்விட்டானானால் நான்கு லட்சம் போதும். மிச்சம் ஆறு லட்சத்தை அவன் சம்பாதிக்கவே வேண்டியதில்லை. ஆறு லட்சம் என்றால் அது வெறும் பணமா? பத்துப் பதினைந்து வருஷத்துக் காலைப் பொழுதுகள். பிடிக்காத அதிகாரியின் முகத்தைப் பார்க்க வேண்டியிராத திங்கட்கிழமைகள். அறுபத்தைந்தில் கிடைப்பது நாற்பத்தைந்தில் கிடைக்கிறது. யாருக்குத்தான் ஆசை வராது? இதை மேல்நாட்டில் சாமர்த்தியம் என்கிறார்கள். சாமர்த்தியம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பதினைந்து வருஷங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

பொதுவாகப் பேசினால் விஷயம் பிடிபடாது. ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்.

தென் அமெரிக்காவில் ஈக்வடார் என்ற சிறு தேசம். அங்கே ஆண்டிஸ் மலைமேல், ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்தில் குவென்கா என்று ஒரு பட்டணம் இருக்கிறது. நம் உதகையைவிடச் சற்று உயரம். பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தும் உயரத்தின் புண்ணியத்தால் வருஷம் முழுவதும் இளவேனில் மாதிரி இருக்கும். நான்கு ஆறுகள், பழைய ஸ்பானியர் காலத்து வீதிகள், நீலக் கவிகை வைத்த தேவாலயம். 1999-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. சென்ற பதினைந்து இருபது வருஷங்களில் ஓய்வு பெற்ற அமெரிக்கர்கள் சில ஆயிரம் பேர் இங்கே வந்து குடியேறியிருக்கிறார்கள்.

ஓய்வூதியக்காரராகக் குடியேற விரும்புகிறவருக்கு, அந்நாட்டின் அடிப்படைச் சம்பளத்தைப் போல் மூன்று மடங்கு மாத வருமானம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. 2024-ல் அந்த அடிப்படைச் சம்பளம் மாதம் 460 டாலர். மூன்று மடங்கு 1,380. அதே வருஷத் தொடக்கத்தில் அமெரிக்க அரசாங்கம் ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவருக்குக் கொடுத்த ஓய்வூதியத்தின் சராசரி ஏறத்தாழ 1,900 டாலர். ஆக, வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் சாதாரண அமெரிக்கக் கிழவர், மாதம் முழுவதும் உழைக்கும் குவென்காக்காரனைப் போல் நான்கு பங்கு பெறுகிறார். இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். நியூயார்க் நகரில் 2024-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர். குவென்காவின் ஒரு மாதம், நியூயார்க்கில் இருபத்தொன்பது மணி நேரம். முழுசாக நான்கு நாள் வேலைகூட இல்லை.

இந்த இடத்தில் ஒரு தொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனாமா தொப்பி என்று உலகம் அழைக்கிறதே, அது பனாமாவில் செய்யப்படுவதல்ல. ஈக்வடாரில் செய்யப்படுவது, குவென்கா அதற்குப் பெரிய கேந்திரம். பெயரை இன்னொரு ஊருக்குக் கொடுத்துவிட்டு உழைப்பை மட்டும் தான் வைத்துக்கொண்ட பிள்ளைப்பூச்சி ஊர்! 1950-களில் மேல்நாட்டார் தொப்பி வைப்பதைக் குறைத்துக்கொண்டதும் முடைகிறவர்களின் பிழைப்பு போயிற்று. ஆண்கள் நியூயார்க்குக்குப் புறப்பட்டார்கள். 1999-ல் மறுபடி ஓர் அடி விழுந்தது. அந்த வருஷம் ஈக்வடாரில் வங்கிகள் கவிழ்ந்தன; மக்களின் வைப்புப் பணத்தை அரசாங்கம் முடக்கி வைத்தது. 2000-ல் சொந்த நாணயமான சூக்ரேயைக் கைவிட்டு, டாலருக்கு 25,000 சூக்ரே என்ற வீதத்தில் அமெரிக்க டாலரையே தேசத்தின் பணமாக்கிக் கொண்டார்கள். ஆயுள் முழுவதும் சேர்த்து 25 லட்சம் சூக்ரே வைத்திருந்த பள்ளிக்கூட வாத்தியார், ஒரு காலையில் எழுந்து பார்த்தால் நூறு டாலருக்குச் சொந்தக்காரர்! பிறகு என்ன? ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் மறுபடி ஒரு பெரிய கூட்டம் புறப்பட்டது. பலர் கடன் வாங்கி, தரகனுக்குக் கொடுத்து, மெக்ஸிகோவின் பாலைவனத்தை இரவில் நடந்து கடந்தவர்கள்.

குவென்காவின் மலிவுக்கு ஒரு பிறந்த தேதி உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஓய்வு வாழ்க்கைக்கு ஊர் சிபாரிசு செய்யும் பத்திரிகைகளைப் பாருங்கள். இதமான வெயில், சுத்தமான தண்ணீர், குறைந்த கூலிக்கு வேலையாள் என்று ஒரே வரியில் அடுக்கியிருப்பார்கள். வெயிலைக் கடவுள் கொடுத்தார், சரி. கூலியையும் அவரா குறைத்தார்? மலிவு என்பது அந்த ஊர் மண்ணின் குணம் போலவும், வந்து பறித்துக்கொள்கிறவன் கெட்டிக்காரன் போலவும் பேசுவதில்தான் எனக்குச் சம்மதமில்லை. வாடகை மலிவு என்றால் கொத்தனார் கூலி மலிவு. மருத்துவமனை மலிவு என்றால் தாதியின் சம்பளம் மலிவு.

போகிறவர்களைத் திட்டுவது சுலபம், நியாயமாகாது. மாத்யூ ஹேய்ஸ் என்ற சமூகவியலாளர் இந்த ஊருக்கு வந்தவர்களோடு பேசிப் பழகி 2018-ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் வருகிறவர்களில் பலர் உல்லாசிகள் அல்ல. 2008-ல் வந்த பொருளாதாரச் சரிவில் சேமிப்பை இழந்தவர்கள். ஐம்பத்தைந்தில் வேலை போனவனுக்கு அமெரிக்காவில் அறுபத்தைந்து வயது வரை அரசாங்க முதியோர் மருத்துவக் காப்பீடு கிடையாது; அதுவரை நோய் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்க வேண்டும். சொந்த தேசம் கைவிட்டவர்களை அயல் தேசம் ஏற்றுக்கொள்கிறது. அவர்கள் கொண்டுவரும் டாலரால் தச்சனுக்கு வேலை கிடைக்கிறது, ஹோட்டல்காரனுக்கு வியாபாரம் நடக்கிறது என்பதும் மெய். வீடு வைத்திருப்பவனுக்கு வாடகை ஏறுகிறது. வீடில்லாதவனுக்கும் ஏறுகிறது, அதுதான் சங்கடம்.

நம் முன்னோரும் ஓய்வைப் பற்றி யோசிக்காதவர்களல்ல. வானப்பிரஸ்தம் என்று ஓர் ஆசிரமமே வகுத்தார்கள். ஆனால் வானப்பிரஸ்தன் காட்டுக்குப் போனது, காட்டில் சமையற்காரன் மலிவாகக் கிடைப்பான் என்பதற்காக அல்ல. சமையற்காரன் தேவையில்லாத நிலைக்குப் போகத்தான். அமெரிக்கர்களிலேயே தோரோ என்பவர் இதைச் செய்து பார்த்திருக்கிறார். 1845-ல், இருபத்தெட்டு வயது நிரம்புமுன்பே, தம் ஊருக்குப் பக்கத்திலுள்ள வால்டன் குளக்கரையில் 28 டாலர் 12½ சென்ட் செலவில் ஒரு குடில் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் இருந்தார். (நிலம் நண்பர் எமர்சனுடையது. துறவிக்கும் ஒரு சிநேகிதர் தேவைப்படத்தான் செய்கிறார்!) அவர் குறைத்தது தேவையை. இங்கே தேவை அப்படியே இருக்கிறது. அதைப் பூர்த்தி செய்கிற கைகள்தாம் மாறுகின்றன.

இதை நான் சும்மா யோசித்துக்கொண்டிருக்கவில்லை. என் கல்லூரி நண்பன் ஒருவன் நியூ ஜெர்ஸியில் இருக்கிறான். மாயவரத்துக்காரன், அமெரிக்கப் பிரஜையாகிவிட்டவன், வயது நாற்பத்தாறு. பெங்கனின் கணக்கைப் போட்டுப் பார்த்து, குவென்காவில் குடியேறினால் உடனே வேலையை விட்டுவிடலாம் என்று கண்டுபிடித்தான். தொலைபேசியில் என் அபிப்பிராயத்தைக் கேட்டான்.

"அதே பணத்தில் மாயவரத்தில் ராஜா மாதிரி இருக்கலாமே. தெரியாத பாஷை பேசுகிற ஊருக்கு ஏன் போகிறாய்?" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

"மாயவரத்தில் மலிவா இருக்க முடியாதுடா" என்றான் பிறகு. "சித்தப்பா மகன் ஆட்டோ ஓட்டுறான். அவன் பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். எங்க வீட்டில் பாத்திரம் தேய்ச்ச அக்காவுக்கு மூட்டுவலி, நடக்க முடியல்லே. இவங்களைத் தினம் பார்த்துக்கிட்டே, எனக்கு இருக்கிறது எனக்கு மட்டும் போதும்னு எப்படி உட்கார்றது?"

எத்தனையோ பேர் பூசி மெழுகிச் சொல்வதை அவன் பச்சையாகச் சொல்லிவிட்டான். அதற்காக அவனை எனக்குப் பிடிக்கும். மாயவரத்திலும் கூலி குறைவுதான். ஆனால் அங்கே குறைந்த கூலிக்காரனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அவன் சித்தப்பா மகன். அவன் வாசலுக்கு வந்து, "அண்ணே" என்று கூப்பிடுவான். அந்தக் கூப்பாடு வந்துவிட்டால் மலிவு போய்விட்டது. குவென்காவில் யாரும் அண்ணே என்று கூப்பிட மாட்டார்கள். ஏழ்மை அங்கேயும் உண்டு, உறவு இல்லை. மலிவான ஊரைத் தேடுகிற மனிதன் உண்மையில் தேடுவது, தன்னிடம் உரிமையோடு கேட்க ஆளில்லாத ஏழைகளைத்தானோ என்று அன்று எனக்குத் தோன்றியது. அவனிடம் சொல்லவும் செய்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. "போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றான்.

போனான். மூன்று மாதம் வீடு எடுத்துத் தங்கினான். வீட்டைப் பெருக்கித் துடைக்க வாரம் இரண்டு முறை ஓர் அம்மாள் வந்தாள். அவள் கேட்ட கூலி அவனுக்கே வெட்கமாக இருந்ததாம்; இரட்டிப்பாகக் கொடுத்தான். மறு வாரமே பக்கத்து வீட்டு அமெரிக்கர் வந்து, ரேட்டைக் கெடுக்க வேண்டாம், உள்ளூர் வழக்கத்தை நாம் மதிக்க வேண்டும் என்று மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். நம் அடுக்கு மாடி வீடுகளிலும் இதே வார்த்தையைக் கேட்கலாம். பணிவு மட்டும் இருக்காது. மற்றச் சமயங்களில் உலகச் சந்தை, உலக விலை என்று பேசுகிறவர்களுக்கு, வீட்டு வேலைக்காரியின் கூலி என்று வரும்போது மாத்திரம் உள்ளூர் வழக்கத்தின் மேல் அத்தனை பக்தி வந்துவிடுகிறது. உள்ளூர் விலையில் வாங்கிக்கொண்டு வெளியூர் வருமானத்தில் வாழ்கிறவன், எந்த ஊர்க்காரன் என்ற கேள்விக்கு ஒரு பக்கம்தான் பதில் சொல்ல முடியும். குவென்காக்காரன் என்றால் அவளுக்கு அண்டை வீட்டான்; அவள் மகளின் பள்ளிக்கூடமும் அவள் தெருவின் சாக்கடையும் அவனுக்கும் கவலை. நியூ ஜெர்ஸிக்காரன் என்றால் நியூ ஜெர்ஸிக் கூலியைப் பற்றி அவன் சற்றேனும் யோசிக்க வேண்டும். இரண்டுமில்லாமல் நடுவில் நிற்பதுதான் லாபம்.

நண்பன் புறப்படுவதற்கு முந்தின வாரம் அந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்டாளாம். அவளுடைய மகன் நியூயார்க்கில் ஏதோ கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறான். மாதாமாதம் பணம் அனுப்புகிறான். எவ்வளவு சம்பளம் என்று மட்டும் சொல்வதில்லை. "அங்கே இந்த வேலைக்கு மணிக்கு என்ன கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறாள். இவன் பாஷை புரியாதவன் போலச் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டான். புரியாமல் இல்லை, அவள் துடைத்த தரையில் நின்றுகொண்டு அந்த எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை என்று எனக்கு எழுதினான்.

சொல்லியிருக்க வேண்டும் என்று நான் பதில் எழுதினேன். குடியேறுவதா இல்லையா என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. வீட்டு வாடகைக்கு முன்பணம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது.