நாள் பிறப்பது எப்பொழுது?

நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நாள் பிறக்குமென்பதனை, மாணவர்க்கு நாம் இயற்கை விதிபோலக் கற்பித்துவிடுகின்றோம். அஃது இயற்கையன்று, ஒரு வழக்கேயாம்.

தோப்பூரை நோக்குக. கொட்டியாரக் குடாவின் தெற்கே வயல்சூழ்ந்த இவ்வூரில் முஸ்லிம்களே பெருந்தொகையினர். அயற்கிராமங்களிற் சைவர் பலர் வாழ்கின்றனர். இருசாரார்க்குந் தாய்மொழி தமிழே. எனினும், முஸ்லிம் வீட்டில் 'வெள்ளி இரவு' என்பது நாம் வியாழனிரவு என்பதாம். சூரியன் மறைய அவர்க்கு மறுநாள் தொடங்கிவிடுகின்றது. பஞ்சாங்கம் பார்க்குஞ் சைவர்க்கோ நாள் சூரியோதயத்திற் பிறந்து அறுபது நாழிகை செல்வது. திங்கட்கிழமை பின்னிரவு மூன்று மணிக்குப் பிறந்ததென அரசினர் பதியுங் குழந்தைக்குச் சாதகத்தில் ஞாயிற்றுக்கிழமையே கிழமையாகும். மொழி ஒன்று, நாளின் தொடக்கமோ மூன்று.

ஆதலின், மொழியே காலவுணர்வைச் சமைக்குமென்னும் அமெரிக்க அறிஞர் வோர்ஃப் என்பாரின் கொள்கையை முழுதுங் கொள்ளவொண்ணாது. ஹோப்பி மக்களின் மொழியிற் காலத்தை நேரே குறிக்குஞ் சொல்லில்லை யென்றார் அவர். மலோற்கி என்பாரோ அம்மொழியின் காலச்சொற்களைத் திரட்டி 1983இல் ஒரு பெருநூலே வெளியிட்டார்.

அதுபற்றி மொழிக்குப் பங்கேயில்லை யென்றலும் பொருந்தாது. தமிழில் 'முன்' என்பது கண்ணெதிரேயுள்ள இடத்தையுங் கழிந்த காலத்தையும் ஒருங்கே சுட்டும். முன்னோர் நமக்கு முன்னே சென்றவர். பின்னோர் நம் முதுகின்பின் வருவோர். 'மகாவலி கடலிற் கலக்கும்' என்னும் வாக்கியத்தை எதிர்காலமென மாத்திரங் கூறி அப்பாற் செல்லும் ஆசிரியர், மாணவரிடமிருந்து ஒரு செல்வத்தை மறைக்கின்றார். ஆறு நேற்றுங் கலந்தது, இன்றுங் கலக்கின்றது. முக்காலத்தும் ஒத்தியலும் பொருளைச் 'செய்யும்' என்னுஞ் சொல்லாற் கூறுதற்குத் தொல்காப்பியர் தனிச்சூத்திரமே வகுத்தார். ஆங்கிலமோ அதனை நிகழ்காலத்தாற் கூறும்.

கடிகாரமும் வழக்கிற்குட்பட்டதே. 1996 மே மாதத்தில் இலங்கையரசு நேரத்தை ஒருமணி முன்தள்ளியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி குறைத்தது. 2006 ஏப்பிரலிற் பழைய நேரத்துக்கே மீண்டது. அவ்வாண்டுகளில் விடுதலைப் புலிகளின் ஆளுகைப் பகுதிகளிற் பழைய நேரமே வழங்கியது. ஒரே சூரியனின் கீழ், ஒரே மொழி பேசுவோரிடையே, ஆள்வோர் வேறாயினமையால் மணியும் வேறாயிற்று.

இனி, வியாழனிரவை 'வெள்ளி இரவு' என ஒரு பிள்ளை எழுதினால், சிவப்புமையாற் கோடிடுமுன் அப்பிள்ளையின் வீட்டில் நாள் எப்பொழுது தொடங்குமென ஆசிரியர் வினவுக. பரீட்சைக்கும் கந்தோருக்கும் நள்ளிரவுக் கணக்கே வேண்டுமாதலின் அதனையுந் தெளிவாய்க் கற்பிக்க. பின்னர், தன் சாதகத்தைக் கொணருமாறு சைவப்பிள்ளைக்குஞ் சொல்லி, இரண்டு கிழமைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டுக.