எத்தனை பேரைச் சுட்டது?

தருமபுரியில் சேலம் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நல்லம்பள்ளி வந்துவிடும். அங்கே பிறந்து அமெரிக்காவில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவருக்கு விநோதமான பொழுதுபோக்கு. நாமெல்லாம் சின்ன வயதில் தபால்தலை, தீப்பெட்டிப் படம் சேர்த்தோம் இல்லையா? அவர் சேர்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க பாக்கெட் ரிவால்வர்கள்!

அங்கே 1898-க்குள் செய்த துப்பாக்கி என்றால் மத்திய அரசின் சட்டப்படி அது பழம்பொருள். நம்முடைய 1959-ம் வருட ஆயுதச் சட்டமோ, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழசுக்குத்தான் விலக்கு தருகிறது. அதாவது, இங்கே துப்பாக்கி முதலில் செத்திருக்க வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் செல்போனில் படங்களைக் காட்டினார். கோல்ட் கம்பெனியின் 1849 பாக்கெட் மாடல். 1850-லிருந்து 1873 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள். குழல் மேல் சாமுவேல் கோல்ட்டின் பெயர். குண்டு போடும் உருளையைச் சுற்றி, கொள்ளையர்கள் கோச்சு வண்டியை மறிக்கிற காட்சி. பாகத்துக்குப் பாகம் நம்பர். எல்லா நம்பரும் ஒன்றாக இருந்தால் விலை எகிறுமாம். "கீறல் இல்லாம, புதுசு மாதிரி இருந்தா இன்னும் ஜாஸ்தி" என்றார்.

பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா கேட்டார்: "எத்தனை பேரைச் சுட்டதுடா அது?"

"தெரியாதும்மா."

"செஞ்சவன் பேரு தெரியுது. செத்தவன் பேரு தெரியாதா?"

நண்பர் சிரித்து மழுப்பினார். எனக்கு அந்தக் கேள்வி பஸ் ஏறிய பிறகும் விடவில்லை.

தருமபுரி மாவட்டம் நடுகல் பூமி. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம். எந்த அரசன் காலம், எந்த ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தான், அவன் பெயர் என்ன... பல கற்களில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அவனைக் கொன்ற அம்பை யார் செய்தார்கள் என்று எவரும் எழுதவில்லை. கல்லில் மனிதன் இருக்கிறான், ஆயுதம் அவனுக்குத் துணை. ஷோகேஸில் ஆயுதம் இருக்கிறது, மனிதனைக் காணோம்!

இதே தகடூர் மண்ணின் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனார் ஒளவையார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டினான். ஒளவை என்ன சொன்னார்? 'உன் ஆயுதங்கள் மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பத்திரமாக இருக்கின்றன. அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.' புறநானூற்றின் 95-வது பாட்டு. புகழ்வது போல ஒரு குத்து!

ஆனால் இன்று யோசித்தால், எனக்குத் தொண்டைமான் கட்சிதான் பிடிக்கிறது. உலகத்துத் துப்பாக்கிகள் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் நல்லதுதானே? புதுசு மாதிரி இருக்கிற ரிவால்வருக்கு அதிக விலை என்பதுகூட ஒரு வகையில் நியாயம். அது அதிகம் வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டவன், பிற்காலத்தில் அருங்காட்சியகத்தில் எது எடுப்பாக இருக்கும் என்று யோசித்துத் துப்பாக்கி வாங்கினான் என்று சொல்வார்கள். அவன் நினைப்பில் ஷோகேஸ் இருந்தது. சாகப்போகிற மனிதன் இல்லை. அழகு என்பது சில சமயம் கண்ணைக் கட்டிவிடும்.

அதற்காகச் சேகரிக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். தெருவில் திரிகிற துப்பாக்கியைவிடக் கண்ணாடிப் பெட்டியில் தூங்குவது எவ்வளவோ மேல். அந்த இரும்பில் ஒரு காலத்தின் கைத்திறன் இருக்கிறது. அதை ரசிப்பது பாவமில்லை. அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மறந்துவிட்டு ரசிப்பதுதான் தப்பு.

போன மாதம் நண்பர் போன் செய்தார். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் நோட்டில் ஒரு பக்கம் வைத்திருக்கிறாராம். செய்தவர், வருடம், நம்பர், விலை. இப்போது புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'யார் மேல்?'

"எல்லாப் பக்கத்துலயும் அந்த இடம் காலியாத்தான் இருக்கு" என்றார். "ஆனா, பெட்டியைத் திறக்கிறப்பல்லாம் அம்மா கேட்ட மாதிரியே இருக்கு."

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் கத்தி ஏதாவது இருக்கிறதா? துடைத்து வையுங்கள். கூடவே அந்த ஒரு கேள்வியையும் கேட்டு வையுங்கள்.