டம்டம் குண்டு

கொல்வதென்று முடிவு செய்துவிட்ட பிறகு, இந்த ஆயுதத்தால் கொல்லலாம், அந்த ஆயுதத்தால் கொல்லக் கூடாது என்று சட்டம் போடுவது வேடிக்கை அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் சாமர்த்தியம் இருக்கிறது. நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. போர்க்களத்தில் ஒரு சிப்பாயைச் சுடுவது அவன் மேலே வராமல் நிற்க வேண்டும் என்பதற்காக. நின்றுவிட்டவனுடைய உடம்பை அதற்கு மேலும் சிதைப்பதால் யாருக்கு என்ன லாபம்?

1868-இல் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கூடிய அரசாங்கங்கள் ஒப்புக்கொண்டது இதைத்தான். வெடிமருந்து வண்டிகளைத் தகர்ப்பதற்காக ரஷ்யர்கள் வெடிக்கும் ரவை ஒன்றைச் செய்திருந்தார்கள். சதையில் பட்டாலும் வெடிக்கும்படி அது 'அபிவிருத்தி' அடைந்தபோது செய்தவர்களுக்கே பிடிக்கவில்லை. 400 கிராமுக்குக் குறைந்த வெடிரவைகள் வேண்டாம் என்று கையெழுத்தாயிற்று. முள் வைத்த அம்பும், விஷம் தோய்த்த அம்பும், நெருப்பு மூட்டிய அம்பும் கூடாது என்று மனுவும் சொல்லியிருக்கிறார். (மனு சொன்னதையெல்லாம் ஏற்கிறவன் அல்லன் நான், இதை ஏற்கிறேன்.)

கல்கத்தாவை ஒட்டிய டம்டம் என்றால் இன்று விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். அங்கே ஆயுதச் சாலை ஒன்று இருந்தது. 1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றிய பேச்சு கிளம்பியதும் அந்த ஊரில்தான். 1895-இல் சித்ரால் படையெடுப்பின்போது, உலோக உறை மூடிய புதிய ரவை உடம்பைத் துளைத்து மறுபக்கம் போய்விடுகிறது, மலைநாட்டான் மட்டும் ஓடி வந்துகொண்டே இருக்கிறான் என்று பிரிட்டிஷ் படையினர் குறைப்பட்டார்கள். காப்டன் பெர்ட்டி க்ளே என்பவர் டம்டமில் பரிகாரம் கண்டார். ரவையின் நுனியில் உறையை நீக்கி ஈயத்தை வெளியே விட்டார்; அவ்வளவுதான். உடம்புக்குள் போனதும் ஈயம் காளான்போல் விரியும். நுழைகிற வாய் சிறியது, உள்ளே புண் பெரியது. எலும்பில் பட்டால் எலும்பு நொறுங்கிவிடும். 1897-இல் வடமேற்கு எல்லையில் அப்ரீதிகள் இதை அனுபவித்தார்கள்.

1899-இல் ஹேக் மாநாட்டில் இந்த ரவையைத் தடை செய்யும் யோசனை வந்தது. பிரிட்டன் எதிர்த்தது. அதன் பிரதிநிதி ஸர் ஜான் ஆர்டா சொன்ன காரணம்: நாகரிகமடைந்த சிப்பாய் காயம் பட்டால் ஆம்புலன்ஸைத் தேடிப் பின்னால் போவான், காட்டுமிராண்டியோ இரண்டு மூன்று துளை விழுந்த பிறகும் முன்னேறுவான், ஹேக் தீர்மானத்தை அவனுக்கு விளக்குவதற்குள் உங்கள் தலையைச் சீவிவிடுவான்.

சபையில் சிரிப்பு எழுந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தப் பேச்சைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மூன்று ரவைகளை உடம்பில் வாங்கிக்கொண்டு முன்னேறுகிறவன் வெள்ளைக்காரனாக இருந்தால் விக்டோரியா சிலுவை. அப்ரீதியாக இருந்தால் அதே தீரம் அவனுக்கு நோவு தெரியாது என்பதற்குச் சாட்சி!

எதிர்ப்பையும் மீறித் தடை நிறைவேறியது; 1907-இல் பிரிட்டனும் சேர்ந்தது. ஆனால் ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து: கையெழுத்திட்டவர்கள் தங்களுக்குள் போரிடும்போதுதான் இது கட்டுப்படுத்தும். அப்ரீதிகளை ஹேக்குக்கு யார் அழைத்தார்கள்?

இன்னொரு சங்கடமும் உண்டு. யுத்தத்தில் விலக்கப்பட்ட இந்த விரியும் ரவையைப் பல நாடுகளில் போலீஸார் இன்று பயன்படுத்துகிறார்கள். சுடப்பட்டவனைத் துளைத்துக்கொண்டு போய், பின்னால் நிற்கும் வழிப்போக்கனைக் கொல்லாது என்பது அவர்கள் வாதம். இது அற்ப வாதமல்ல. மூன்றாவது மனிதனைக் காப்பதற்கும், எதிரியின் உடம்பை வேறு ஜாதியாக நினைப்பதற்கும் தூரம் அதிகம். ஆயினும் சுடப்பட்டவனுடைய எலும்புக்கு இந்த வித்தியாசம் தெரியப் போவதில்லை. இதில் எனக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை.

1998-இல் ரோமில் சர்வதேசக் குற்ற நீதிமன்றத்துக்குச் சட்டம் எழுதியபோது, விரியும் ரவை போர்க் குற்றங்களின் பட்டியலில் ஏறியது. ஒரு நகரத்தையே எரிக்கும் அணுகுண்டு ஏறவில்லை. அதையும் சேருங்கள் என்று அங்கே திருத்தம் கொண்டுவந்த நாடு இந்தியா. அந்தத் திருத்தத்தைச் சபை எடுத்துக்கொள்ளவில்லை. அது ஜூலை மாதம். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னால், மே மாதத்தில், பொக்ரானில் நாம் அணுகுண்டு வெடித்துப் பார்த்திருந்தோம்.