வழியனுப்பத் தெரிந்த வீடு

(ஐயப்பன்தாங்கல் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மார்கழி மாதம் நடந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரலட்சுமி நோன்புக்குக் கலசம் வைக்கிறீர்கள். வாசலில் போய் நின்று அம்மனை அழைத்து வருகிறீர்கள். பாட்டு உண்டு, ஆரத்தி உண்டு, கொழுக்கட்டை உண்டு. மறுநாள் காலையில் செய்கிற சின்னக் காரியத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. புனர்பூஜை செய்து, "போய்விட்டு மறுபடியும் வா தாயே" என்று வேண்டிக்கொண்டு, கலசத்தை வடக்குப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துகிறீர்களே, அந்த யதாஸ்தானம். நகர்த்திய பிறகு அது சொம்புதான். உள்ளே இருந்த அரிசி பாயசத்துக்குப் போகலாம். சதுர்த்திப் பிள்ளையாரும் அப்படித்தான். கொண்டாடி முடித்ததும் மண்ணை மண்ணாகவே தண்ணீரில் கரைத்துவிடுகிறோம்.

அழைக்க மந்திரம் வைத்த பெரியவர்கள் அனுப்பவும் மந்திரம் வைத்தார்கள். சாமிக்கே அப்படி. நம் வீட்டுச் சாமான்களுக்கோ வரவேற்பு மட்டும்தான் நடக்கிறது. டிவி வந்த அட்டைப்பெட்டி வருஷக் கணக்காகப் பரணில் இருக்கிறது. கேட்டால், "வீடு மாறும்போது வேண்டியிருக்கும்." அந்த டிவி ரிப்பேராகி, எக்ஸ்சேஞ்சில் போய், புது டிவியும் வந்தாயிற்று. இப்போது பரணில் இரண்டு பெட்டி.

கோயிலில் இப்படி நடக்காது. நேற்றுச் சாத்திய மாலை எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், யார் வாங்கிக் கொடுத்திருந்தாலும், இன்று காலையில் முதல் வேலை அதைக் களைவதுதான். குருவாயூரில் விடியற்காலை 3 மணிக்கு நடை திறந்ததும் நிர்மால்ய தரிசனம். நேற்றைய அலங்காரத்தோடு பகவானை ஒரு முறை கண்குளிரப் பார்க்கலாம். அப்புறம் அதை எடுத்துவிட்டுத்தான் அபிஷேகம். அன்பாகக் கொடுத்த பூ ஆயிற்றே என்று யாரும் மூட்டை கட்டி வைப்பதில்லை. சாத்திய அந்த நேரத்திலேயே அன்பு போய்ச் சேர்ந்துவிட்டது. தினமும் களைவதால்தான் ஆயிரம் வருஷத்துக் கருவறையிலும் நிற்க இடம் இருக்கிறது.

நாம் போகி வரட்டும் என்று காத்திருக்கிறோம். வருஷம் முழுக்கச் சேர்த்துவிட்டு ஒரே காலையில் கொளுத்துகிறோம். முன்பு அது கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம். இன்று டயர், பிளாஸ்டிக். 2018 போகியன்று புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போயின. நம் வீட்டுக் குப்பையை ஊரார் மூச்சில் கொண்டுபோய் வைப்பதற்குச் சுத்தம் என்று பெயர் கிடையாது.

இங்கே பஸ் ஏறிப் பூவிருந்தவல்லியைத் தாண்டினால் திருமழிசை. அந்த ஊரில் அவதரித்த ஆழ்வாருக்குக் கணிகண்ணன் என்று ஒரு சீடர். பல்லவ அரசன் தன்னைப் பாடச் சொன்னான்; அவர் மறுத்தார். "காஞ்சியை விட்டுப் போ" என்றான் அரசன். சீடர் கிளம்ப, ஆழ்வாரும் கிளம்பினார். போகிற போக்கில் திருவெஃகாப் பெருமாளிடம், "நாங்கள் போகிறோம், உனக்கு மட்டும் இங்கே என்ன வேலை? உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா" என்றார். பெருமாள் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அரசன் பதறி ஓடிவந்து காலில் விழுந்த பிறகு எல்லோரும் திரும்பினார்கள். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்றுதான் இன்றைக்கும் அவருக்குப் பெயர்.

பக்தன் கூப்பிட்ட நொடியில் கிளம்ப முடிந்தது, பாருங்கள். மூன்று உலகமும் அவருடையதுதான். ஆனால் சுருட்ட வேண்டியிருந்தது ஒரு படுக்கை! உங்களையும் என்னையும் அப்படிக் கூப்பிட்டால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸுக்கு போன் போட்டு, லாரி வந்து, ஏற்றி முடிப்பதற்குள் ஆழ்வார் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

அப்படிக் கிளம்ப வேண்டிய நேரம் நமக்கும் வந்தது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து, அடையாற்றில் வெள்ளம் போனதே, மறந்திருக்க மாட்டீர்கள். மணப்பாக்கம், முகலிவாக்கம் பக்கம் மாடிக்கு ஏறினவர்கள் குழந்தையை எடுத்தார்கள், மருந்தை எடுத்தார்கள், சர்டிபிகேட் ஃபைலை எடுத்தார்கள். தண்ணீர் வடிந்ததும் சென்னைத் தெருக்களில் மெத்தையும் பீரோவும் குவிந்து கிடந்தன. அதற்காக எல்லோரும் துறவியாகுங்கள் என்று சொல்ல வரவில்லை. நாலு பேர் வந்தால் உட்கார நாற்காலி வேண்டும், பொங்கப் பாத்திரம் வேண்டும். இல்லறத்துக்குச் சாமான் அழகு.

அப்படியானால் எதை வைப்பது, எதை விடுவது? போரூரிலிருந்து தென்மேற்கே போனால் குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். பெரிய புராணத்தில் அவர் அப்பர் என்கிற திருநாவுக்கரசரைக் காட்டுகிற இடத்தைக் கவனியுங்கள். திருப்புகலூர்க் கோயிலில் கையில் உழவாரப்படையோடு அப்பர் புல் செதுக்குகிறார். செதுக்குகிற இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னுகின்றன. இறைவன் வைக்கிற பரீட்சை. அப்பர் அதைக் கல்லோடு கல்லாக உழவாரத்தில் வாரிப் பக்கத்துக் குளத்தில் எறிந்துவிட்டு அடுத்த புல்லுக்குப் போய்விட்டார்.

பொன் மட்டம் என்பதற்காக அவர் எறியவில்லை. அடியார்கள் நடக்கிற இடத்தில் காலில் குத்துகிற எதுவானாலும் அது அங்கே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நாம் கேட்பது "இது என்ன விலை?" அவர் பார்த்தது, "இது இங்கே எதற்கு?" உங்கள் வீட்டில் நடக்க முடியாத டிரெட்மில் துணி காயப் போடுகிற கொடியாக நிற்கிறதே, அது நிற்பது கொடுத்த விலையை நினைத்துத்தானே?

ஒன்று சொல்லிவிடுகிறேன். வேண்டாததை அடுத்தவர் தலையில் கட்டுவது தானம் ஆகாது. வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிற ரவிக்கைத் துண்டு காட்டுப்பாக்கம் போய், போரூர் போய், வளசரவாக்கம் சுற்றி, அதே மடிப்போடு உங்கள் வீட்டுக்கே திரும்பி வருகிறது. தைத்துப் போட்டுக்கொள்ள முடிகிற துணியைக் கொடுங்கள். இல்லையென்றால் நாலு பழம் போதும். சாப்பிட்டால் தீர்ந்தது.

ரொம்பச் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். சாமி படம் போட்ட காலண்டர், பிள்ளையார் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை, லட்சுமி படம் போட்ட ஊதுவத்தி டப்பா. குப்பையில் போட மனசு வராது. போன தலைமுறையின் படங்கள், கண்ணாடி விரிசல் விட்டவை, அரசமரத்தடியில் சாய்ந்து கிடக்கின்றன. வீட்டில் வைக்க இடமில்லாத சாமியைத் தெருவில் மழையில் விட்டுவிட்டு வருவது எந்த பக்தியில் சேர்த்தி?

ஆகமம் இதற்கு வழி வைத்திருக்கிறது. திருப்பணி என்றால் மூலவரின் கலையையே கலசத்தில் இறக்கிப் பாலாலயம் செய்துவிட்டுத்தான் வேலை தொடங்கும். பின்னமான சிலையை முறைப்படி நீரில் விடுவதும் உண்டு. நீங்களும் அந்தப் படத்துக்கு ஒரு விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, "எங்கள் வீட்டைக் காத்தாய், போய் வா" என்று கும்பிடுங்கள். சட்டத்தையும் கண்ணாடியையும் பழைய சாமான்காரரிடம் கொடுங்கள். காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, கூழானதும் செடிக்கு ஊற்றுங்கள். பத்திரிகைகளை மாதம் ஒருமுறை பேப்பர்காரர் வரும்போதே அனுப்புங்கள். மணமக்களை வாழ்த்தியாயிற்று, பத்திரிகை வந்த வேலை முடிந்தது.

நேரமாகிவிட்டது. ஆரத்தி முடிந்ததும் விபூதி, குங்குமம் கொடுப்பார்கள். அளவாக வாங்கிப் பூசிக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பொட்டலமாக்கிப் பர்ஸில் போட வேண்டாம், இந்தத் தூணிலும் கொட்ட வேண்டாம். பர்ஸில் ஏற்கெனவே பழநியும் திருவண்ணாமலையும் இருக்கும். அவற்றையும் இன்றைக்கே நெற்றியில் இட்டுவிடுங்கள்.