இடம் கேட்டு வந்தவர்

2013 ஏப்ரலில் 'பிசினஸ் டுடே' இதழ் தோனியை மகாவிஷ்ணுவாக அட்டையில் போட்டது. சங்கும் சக்கரமும் இருக்க வேண்டிய கைகளில் அவர் விளம்பரம் செய்த சரக்குகள். அவற்றில் ஒன்று ஷூ. மத உணர்வைப் புண்படுத்தியதாகப் பெங்களூரிலும் அனந்தபூரிலும் வழக்குகள் வந்தன. உச்ச நீதிமன்றம் ஒன்றை 2016-லும் மற்றதை 2017-லும் ரத்து செய்தது. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு புண்படுத்தினால்தான் இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு பொருந்தும் என்றது. சட்டப்படி சரிதான். ஆனால் கும்பிடுகிறவர் மனம் நோக்கத்தைத் துருவிப் பார்த்துவிட்டு வலிப்பதில்லை.

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையின் பட்டறைகளில் மாட்டியிருக்கும் காலண்டர்களைப் பார்த்தால் இந்த வலி கொஞ்சம் விளங்கும். மேலே ஏழுமலையான், கீழே இரும்புக் கடையின் பெயரும் போன் நம்பரும். அதுவும் விளம்பரம்தான். ஷிப்டுக்கு வருகிறவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மெஷினைப் போடுகிறார். கடைக்காரர் தன் பெயரைச் சாமியின் காலடியில் வைத்திருக்கிறார். அட்டைப்படத்திலோ சாமியின் இடத்தில் ஓர் ஆள் உட்கார்ந்துவிட்டார். வியாபாரம் கலந்ததால் வந்த வலி அல்ல அது.

மேல்நாட்டிலும் இந்தக் கதை உண்டு. 1989-ல் மடோனாவின் 'லைக் எ பிரேயர்' வீடியோவில் எரிந்த சிலுவைகளைக் கண்டு கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள்; பெப்சி அவர் நடித்த விளம்பரத்தையே நிறுத்திக்கொண்டது. நம் பக்கம் 2025 மே மாதத்தில் நடிகர் சந்தானத்தின் 'டிடி நெக்ஸ்ட் லெவல்' படப் பாட்டில் கோவிந்த நாமம் வந்ததற்கு, திருப்பதி தேவஸ்தான அறங்காவலர் குழு உறுப்பினர் ஒருவர் 100 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். அந்தப் பகுதியை நீக்கிய பிறகே படம் வந்தது. சீட்டில் போட்ட பணம் போனால் 'கோவிந்தா!' என்று சிரிக்கிறவர்கள்தான் நாமும். அதற்கு நோட்டீஸ் வந்ததில்லை.

காக்களூருக்குப் பக்கத்திலேயே, திருவள்ளூரில், வீரராகவப் பெருமாள் படுத்திருக்கிறார். தலபுராணம் சொல்வது இது: சாலிஹோத்திர முனிவர் ஓராண்டு உபவாசம் இருந்து உண்ண உட்காரும்போது, ஒரு கிழவர் பசி என்று வந்தார். முனிவர் பாதியைக் கொடுத்தார். கிழவருக்குப் போதவில்லை. தன் பங்கையும் கொடுத்தார். உண்ட களைப்பில் கிழவர் படுக்க இடம் கேட்டார். முனிவர் தன் குடிலைக் காட்டினார். படுத்த பிறகுதான் வந்தவர் யாரென்று தெரிந்தது. இன்றும் பெருமாளின் வலக்கை அந்த முனிவரின் தலைமேல்தான் இருக்கிறது.

பெருமாள் வேடத்தில் மனிதன் வந்து நிற்பதற்கு நாம் கொதிக்கிறோம். மனித வேடத்தில் பெருமாள் வந்தபோது, அவருக்கு ஒரு வேளைச் சோறும் ஒருவர் படுக்கும் இடமும் போதுமானதாக இருந்தது. அமாவாசைக்கு முந்தின இரவு, நோய் தீர வேண்டி வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் அவரது கோயிலைச் சுற்றித் தெருவோரத்திலேயே துண்டை விரித்துப் படுக்கிறார்கள். கைக்குழந்தைக்காரிகளும் உண்டு. புண்படுவதென்றால் இதற்கும் கொஞ்சம் புண்படலாம்.